மைலோ டின்னுக்குள் மாத்திரைகள்: சுங்கை சிப்புட்டில் ஒரு டிமென்ஷியா நிகழ்வு ஆய்வு

நோயாளிக்கு 79 வயது. கணவர் இறந்துவிட்டார். தோட்டத் தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் ஆண்டு வரை படித்தவர். பதின்ம வயதிலேயே அம்மாவோடு ரப்பர் மர நிரைக்கு (வரிசைக்கு) வேலைக்குப் போகத் தொடங்கி, தோட்டம் செம்பனைக்கு மாறும் வரை பால்மரம் வெட்டினார். தோட்டத்து வரிசைவீடான லயம் இடிக்கப்பட்ட பிறகு, மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் நகரத்தின் ஓரத்தில் ஒரு மலிவுவிலைத் தாமானில் (குடியிருப்பில்) மகன், மருமகள், ஐந்தாம் படிவம் படிக்கும் பேத்தி ஆகியோரோடு இருக்கிறார். எடை 43 கிலோ. நீரிழிவும் இரத்த அழுத்தமும் நெடுங்காலமாக உண்டு. இரண்டு முழங்காலிலும் தேய்மானம். அல்ஸைமரும் மூளை இரத்தக்குழாய்ப் பாதிப்பும் கலந்த டிமென்ஷியா (மறதி நோய்) என்று ஈப்போவில் இரண்டு ஆண்டுக்கு முன் கண்டறிந்தார்கள்.

நான் இந்த ஊரில் மருந்தாளுநர். மருமகள் என்னிடம் கேட்ட கேள்வி இதுதான்: "அத்தைக்கு உடம்பு விறைச்சுப் போச்சு மிஸ். சோறு இறங்கல. பாத்ரூம்ல விழுந்துட்டாங்க. கடைசிக் கட்டம் வந்துருச்சா?"

குடும்பத்தின் சம்மதத்தோடு எழுதுகிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். டிமென்ஷியா உள்ளவரின் நடத்தை மாறினால் நம் வீடுகளில் முதலில் நோயைக் குறை சொல்கிறோம், அடுத்து அந்த ஆளையே. மருந்துப் பையைக் கடைசியில்தான் பார்க்கிறோம், பல நேரம் பார்ப்பதே இல்லை. அந்த வரிசையைத் திருப்பிப் போட்டால் என்ன கிடைக்கும் என்பதற்கு இந்தப் பாட்டியின் கதை நல்ல உதாரணம்.

ஒன்றின் மேல் ஒன்றாக

நோய் கண்டறிந்ததும் டோனெபெசில் 5 மி.கி. இரவில் தொடங்கி, ஆறு வாரம் கழித்து 10 மி.கி. ஆக்கினார்கள். வழக்கமான முறைதான், தவறு ஒன்றுமில்லை. மூளையில் அசெட்டில்கோலின் என்ற வேதிப்பொருள் சீக்கிரம் சிதைந்துவிடாமல் இந்த மருந்து காக்கிறது. ஆனால் அதே அசெட்டில்கோலின்தான் சிறுநீர்ப்பையையும் குடலையும் சுருங்க வைக்கிறது. அளவு கூடிய சில வாரத்தில் பாட்டிக்குச் சிறுநீரை அடக்க முடியவில்லை. கழிவறைக்குப் போவதற்குள் கைலி நனைந்துவிடும். வயசானால் அப்படித்தான் என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். அப்புறம் ஒரு தனியார் கிளினிக்குக்குக் கூட்டிப் போனார்கள். டோனெபெசில் சாப்பிடுவதை அங்கே இவர்களும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. சிறுநீரை அடக்க ஆக்சிபியூட்டினின் கொடுத்தார்கள்.

ஆக்சிபியூட்டினின் அசெட்டில்கோலினைத் தடுக்கிற மருந்து. மகன் லோரி ஓட்டுகிறவர். எண்ணெயையும் பிரேக்கையும் ஒன்றாக மிதித்தால் வண்டி என்னவாகும் என்று கேட்டேன், சட்டெனப் புரிந்துகொண்டார். இது இந்தக் குடும்பத்துக்கு மட்டும் நடந்ததும் இல்லை. டோனெபெசில் வகை மருந்து சாப்பிடும் முதியோருக்குச் சிறுநீர் அடக்கும் மருந்தும் கூடுதலாக எழுதப்படுகிறது என்று கனடாவின் ஒன்டாரியோவில் செய்த ஆய்வு 2005லேயே காட்டியது. ஒரு மருந்தின் பக்கவிளைவைப் புது நோயாக நினைத்து இன்னொரு மருந்தை ஏற்றுகிற சங்கிலி இது.

சங்கிலி அங்கே நிற்கவில்லை. தோல் வறண்டு அரிப்பு வந்தது. கடையில் பிரிட்டோன் வாங்கி இரவில் ஒன்று கொடுத்தார்கள். சளிக்கும் அரிப்புக்கும் பிள்ளைகளிலிருந்து தாத்தா பாட்டி வரை நம் வீடுகளில் சாதாரணமாகப் போடும் அந்த மஞ்சள் மாத்திரையும் அசெட்டில்கோலினைத் தடுக்கிறதுதான். மூளை ஏற்கெனவே பலவீனமாக உள்ளவருக்கு அது குழப்பத்தைக் கூட்டும், மலத்தைக் கட்டும், சிறுநீரைத் தேக்கும்.

இதற்குப் பிறகுதான் வீட்டில் எல்லோரும் நினைவு வைத்திருக்கும் அந்த மாதங்கள். பொழுது சாய்ந்தால் பாட்டி வாசலுக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டே இருப்பார். விடியற்காலை நான்கு மணிக்குக் கேட்டைப் பிடித்து உலுக்குவார். மருமகள் தன் கூட்டுறவுச் சங்கப் புத்தகத்தைத் திருடிவிட்டாள் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார். குளிப்பாட்டப் போனால் அடித்தார். ஒருமுறை மருமகளின் மூக்குக் கண்ணாடி உடைந்தது.

கொந்தளிப்பை அடக்க, மனநோய்க்குத் தரும் ரிஸ்பெரிடோன் 0.5 மி.கி. எழுதப்பட்டது. கேட்கவில்லை என்றதும் 1 மி.கி. அதற்கும் கேட்கவில்லை என்றதும் 2 மி.கி.

மருந்துப் பை

வீட்டுக்குப் போய் எல்லா மருந்தையும் மேசை மேல் கொட்டச் சொன்னேன். அரசாங்க கிளினிக்கின் பைகள், தனியார் கிளினிக்கின் பிளாஸ்டிக் உறைகள், கடை மருந்து, கோலாலம்பூரில் இருக்கும் மகள் அனுப்பிய ஜின்கோ டப்பா, யாரோ கொடுத்த முட்டிவலிப் பொடி. மொத்தம் பதினொரு விதம். பொடியில் லேபிள் இல்லை, பதிவு எண்ணும் இல்லை. இந்த நாட்டில் பதிவு பெற்ற மருந்து என்றால் 'எம்ஏஎல்' என்று தொடங்கும் எண்ணும் ஹோலோகிராம் முத்திரையும் இருக்க வேண்டும். இப்படிப்பட்ட வலிப் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பதைத் தேசிய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. ஸ்டீராய்டு தூக்கத்தைக் கெடுக்கும், சர்க்கரையை ஏற்றும், மனநிலையையும் குலைக்கும். நல்ல வேளையாக, இரண்டு மூன்று முறைதான் கொடுத்திருந்தார்கள். மாதக்கணக்கில் கொடுத்திருந்தால் திடீரென்று நிறுத்துவதே ஆபத்தாகியிருக்கும்; டாக்டரிடம் சொல்லித்தான் குறைக்க வேண்டும்.

உறையில் உள்ள தேதியையும் மிச்சமுள்ள மாத்திரைகளையும் ஒப்பிட்டால், எல்லாம் சரியாகத் தீர்ந்திருந்தது. கணக்குப்படி பாட்டி ஒரு வேளையும் தவறவில்லை.

அப்போது பேத்தி ஒரு பழைய மைலோ டின்னைக் கொண்டுவந்து வைத்தாள். கட்டிலுக்கு அடியில் எடுத்ததாம். உள்ளே ஒரு பிடி அரிசி, இரண்டு மேரி பிஸ்கட், கடதாசியில் சுற்றிய மாத்திரைகள். வெள்ளை, மஞ்சள், பாதி கரைந்து காய்ந்தவை. வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு, கன்னத்தில் ஒதுக்கி, பிறகு மடியில் துப்பி வைத்திருக்கிறார்.

டின்னை அவள் கண்டுபிடித்தது இரண்டு வாரத்துக்கு முன்பு. அன்றிலிருந்து மகன் ஒரு முடிவெடுத்தார். மாத்திரை எல்லாவற்றையும் இடித்து மைலோவில் கலந்து கொடுத்தார்கள். பாட்டிக்கு மைலோ பிடிக்கும். ஒரு சொட்டு விடாமல் குடித்தார்.

இங்கேதான் முடிச்சு. ரிஸ்பெரிடோனை மூன்று படியாக ஏற்றிய காலத்தில் அதில் எவ்வளவு அவர் வயிற்றுக்குள் போனது என்று சொல்லவே முடியாது. மைலோ தொடங்கிய நாளில் 2 மி.கி. முழுசாகப் போனது. அதோடு இரத்த அழுத்த மருந்து, சர்க்கரை மருந்து, ஆக்சிபியூட்டினின், பிரிட்டோன் எல்லாமே. வீட்டார் பார்வையில் அன்று எதுவுமே மாறவில்லை, அதே மருந்து, அதே அளவு. பாட்டியின் உடம்புக்கோ ஒரே நாளில் ஐந்தாறு புது மருந்து தொடங்கியது போன்ற நிலை.

இடித்ததில் இன்னொரு தொல்லையும் இருந்தது. சர்க்கரை மருந்தான மெட்ஃபார்மினில் அவர் சாப்பிட்டது மெதுவாகக் கரையும் 'எக்ஸ்ஆர்' வகை. அதை இடித்தால் நாள் முழுக்க இறங்க வேண்டியது ஒரேயடியாக இறங்கிவிடும். பெயருக்குப் பின்னால் எக்ஸ்ஆர், எஸ்ஆர், எம்ஆர் என்று இருந்தால் மருந்தாளுநரைக் கேட்காமல் அம்மிக் குழவியைத் தொடக்கூடாது.

முதலில் உடம்பு

பாட்டி நாற்காலியில் சாய்ந்திருந்தார். கூப்பிட்டால் கண் திறப்பார், மறுபடி மூடிக்கொள்வார். எச்சில் வழிந்தது. முகத்தில் அசைவே இல்லை. கையை மடக்கி நீட்டினால் பல்சக்கரம் போல விட்டுவிட்டு இழுத்தது. எழுப்பி நிறுத்தினால் காலைத் தேய்த்து நடந்தார். உட்கார்ந்தபோது இரத்த அழுத்தம் 104/60, எழுந்து நின்றபோது 86/50. விரல் நுனியில் எடுத்த சர்க்கரை 3.4 மில்லிமோல், மிகவும் தாழ்வு. அடிவயிறு கல் போல இருந்தது. மலம் போய் ஆறு நாள்.

காலையில் பேத்தியிடம் இரண்டு வார்த்தை பேசினார், மத்தியானம் யாரையும் தெரியவில்லை என்றார்கள். இரண்டு வாரத்தில் இவ்வளவு சரிவு, அதிலும் ஒரே நாளுக்குள் ஏற்ற இறக்கம் என்றால் டிமென்ஷியா முற்றியதாக முதலில் நினைக்கக் கூடாது. டெலிரியம் என்ற திடீர்க் குழப்பமாகத்தான் நினைக்க வேண்டும். அல்ஸைமர் மாதக்கணக்கில் இறங்கும். டெலிரியம் மணிக்கணக்கில், நாள்கணக்கில் இறங்கும்; காரணத்தைக் கண்டுபிடித்தால் பெரும்பாலும் ஏறியும் வரும். கத்திக் கூச்சல் போட்டால் எல்லோரும் கவனிப்பார்கள். இப்படித் தூங்கி வழிகிற வகையைத்தான் யாரும் கவனிப்பதில்லை. வீடு அமைதியாகிவிட்டது என்று சிலர் நிம்மதிகூட அடைகிறார்கள்.

முதலில் சர்க்கரைத் தண்ணீர், அப்புறம் மருத்துவமனை. அங்கே குழாய் போட்டதும் 600 மில்லி சிறுநீர் வந்தது. சிறுநீர்ப்பை நிரம்பி வழிந்ததைத்தான் வீட்டில் அடக்க முடியவில்லை என்று நினைத்து, ஆக்சிபியூட்டினினை விடாமல் கொடுத்திருக்கிறார்கள். சிறுநீர்ப் பரிசோதனைத் தாளில் நிறம் லேசாக மாறியிருந்தது. காய்ச்சலும் எரிச்சலும் இல்லாததால் டாக்டர் ஆன்டிபயாடிக் கொடுக்கவில்லை. நல்ல முடிவு. வயதான பெண்களின் சிறுநீரில் எந்தத் தொல்லையும் தராத கிருமிகள் இருப்பது சாதாரணம். தாளின் நிறத்தை மட்டும் பார்த்து மருந்து கொடுத்துவிட்டால், உண்மையான காரணத்தைத் தேடுவது அங்கேயே நின்றுவிடும்.

தலையில் அடிபடவில்லை என்பதை ஸ்கேன் எடுத்து உறுதி செய்தார்கள். பாட்டி ஆஸ்பிரின் சாப்பிடுபவர் என்பதால் அது தேவைதான்.

குறைத்தது

ஆக்சிபியூட்டினின், பிரிட்டோன், கிளிக்லசைட் மூன்றையும் டாக்டர் அன்றே நிறுத்தினார். கடைசியாகச் சொன்ன சர்க்கரை மருந்துதான் 3.4க்குக் காரணம். இந்த வயதில், இந்த நோயோடு, சில மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 8 சதவீதத்தை ஒட்டி இருந்தால் போதும். 6.5க்கு இழுத்துப் பிடிக்க வேண்டியதில்லை. தாழ்சர்க்கரைதான் அதிகம் பயப்பட வேண்டியது. இரத்த அழுத்த மருந்தான அம்லோடிபின் 10 மி.கி. பாதியானது. எக்ஸ்ஆருக்குப் பதில் சாதாரண மெட்ஃபார்மின். டோனெபெசிலை 5 மி.கி.க்கு இறக்கி, இரவிலிருந்து காலைக்கு மாற்றினார். இரவில் சாப்பிட்டால் சிலருக்குக் கெட்ட கனவு வரும், தூக்கம் கெடும். ரிஸ்பெரிடோன் உடனே 1 மி.கி., இரண்டு வாரத்தில் 0.5, அப்புறம் நிறுத்தம். ஜின்கோவையும் விட்டுவிடச் சொன்னார். அமெரிக்காவில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட முதியோரிடம் ஆண்டுக்கணக்கில் கொடுத்துப் பார்த்து 2008இல் வெளிவந்த ஆய்வில், அது டிமென்ஷியாவைத் தடுக்கவில்லை. ஆஸ்பிரினோடு சேர்ந்தால் இரத்தக் கசிவு பற்றிய கவலை வேறு. கோலாலம்பூர் மகளுக்கு இதில் வருத்தம்தான். பெட்டி பெட்டியாக அனுப்பியவர் அவர்.

இந்த வரிசையை வீட்டிலேயே யாரும் செய்து பார்க்க வேண்டாம். எதை உடனே நிறுத்தலாம், எதைப் படிப்படியாக இறக்க வேண்டும் என்பது மருந்துக்கு மருந்து மாறும்.

சேர்த்தவையும் உண்டு. மலம் இளக லாக்டுலோஸ். முழங்காலுக்குப் பாராசிட்டமால் 500 மி.கி. மூன்று வேளை, வலிக்கிறது என்று சொல்லும்போது மட்டும் இல்லாமல், நேரப்படி. 43 கிலோ எடைக்கு இது போதும். அரிப்புக்குச் சிரங்கு இல்லை என்று பார்த்துவிட்டு, குளித்து ஈரம் காய்வதற்குள் தடவச் சாதாரண ஈரப்பதக் களிம்பு.

பாராசிட்டமாலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். டிமென்ஷியா உள்ளவர் வலிக்கிறது என்று சொல்ல மாட்டார். அடிப்பார், திட்டுவார், எழுந்து நடப்பார். நார்வேயின் 18 முதியோர் இல்லங்களில் 352 பேரிடம் நடத்தி 2011இல் வெளியான ஆய்வில், படிப்படியாக வலிக்கு மருந்து கொடுத்ததுமே கொந்தளிப்பு கணிசமாகக் குறைந்தது. பெரும்பாலானோருக்குப் பாராசிட்டமாலே போதுமானதாக இருந்தது. பேச முடியாதவரின் வலியை அளக்கப் பெயினாட் என்ற அளவுகோல் உண்டு. மூச்சு, முனகல், முகம், உடல் அசைவு, தேற்றினால் அடங்குகிறாரா என்ற ஐந்தையும் பார்த்து 10க்குப் புள்ளி போடுவது. பாட்டி உட்கார்ந்திருக்கும்போது 1. காலை நீட்டி உடை மாற்றும்போது 6. அவர் மருமகளை அடித்த நேரமெல்லாம் குளியலும் உடை மாற்றுவதும்தான் என்பதை அப்புறம்தான் குடும்பம் சேர்த்துப் பார்த்தது.

விடியற்காலை நான்கு மணி

உடம்பு தேறத் தேற, பழைய பாட்டி திரும்பி வந்தார். கேட்டை உலுக்கும் பாட்டியும் கூடவே வந்தார்.

பேத்தியிடம் ஒரு பயிற்சிப் புத்தகத்தைக் கொடுத்து எழுதச் சொன்னேன். எத்தனை மணி, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, பாட்டி என்ன செய்தார், நாம் என்ன செய்தோம், எப்படி முடிந்தது. நடத்தையை விவரி, காரணத்தை ஆராய், திட்டம் போடு, பலனைப் பார் என்று அமெரிக்க மருத்துவர்கள் 2014இல் வகுத்த 'டைஸ்' முறையில் முதல் படி இதுதான். ஆனால் பெயர் தெரியாமலே நல்ல மருமகள்கள் பலர் இதைச் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

பத்துப் பக்கம் நிறைவதற்குள் ஒரு விஷயம் துலங்கியது. மகன் செம்பனைக் குலை ஏற்ற லோரியை எடுக்கும் நாள்களில் மட்டுமே கேட் ஆடியது. அவருக்கு வேலை இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் பாட்டி எழுந்தாலும் உட்கார்ந்தே இருந்தார். விடியலுக்கு முன் இருட்டில் லோரி உறுமினால் அவருக்கு அர்த்தம் ஒன்றுதான்: பெரட்டுக்கு (தோட்டத்தில் காலையில் ஆள் எண்ணுவதற்கு) நேரமாகிவிட்டது. பெயர் கூப்பிடும்போது நிற்கவில்லை என்றால் அன்றைய சம்பளம் போய்விடும். மாத்திரை கொடுத்துப் படுக்க வைக்கலாம்தான். ஆனால் நாற்பது வருஷத்துக்கும் மேலாக அந்த நேரத்துக்கு எழுந்த உடம்பு அது.

மகன் இப்போது லோரியைச் சாலை முனையில் கடை ஓரம் நிறுத்திவிட்டு நடந்து வருகிறார். அது பாதிப் பிரச்சினையைத் தீர்த்தது. மீதிப் பாதிக்கு மருமகளே வழி கண்டுபிடித்தார். ஒருநாள் தூக்கக் கலக்கத்தில், "மழ பெய்யிது அத்தை, இன்னிக்கு வெட்டு இல்ல" என்று சொல்லியிருக்கிறார். பாட்டி "அப்படியா" என்று திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டார். மரம் ஈரமாக இருந்தால் வெட்ட முடியாது என்பது அவர் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்ளும் உண்மை. 'நீங்க வேலைய விட்டு இருபது வருஷமாச்சு' என்று சொன்ன நாளெல்லாம் சண்டையில்தான் முடிந்தது.

இது பொய் இல்லையா என்று மகன் கேட்டார். பொய்தான். அவருடைய உலகத்துக்குள் நின்று பதில் சொல்வது ஒன்று, அவரை ஏமாற்றி எதையாவது பிடுங்கிக்கொள்வது வேறொன்று. முதலாவதில் எனக்கு மனச்சங்கடம் இல்லை. வானம் தெளிவாக இருக்கும் நாளில் இது செல்லாது என்பதையும் சொல்ல வேண்டும். பாட்டி வெளியே எட்டிப் பார்த்துவிட்டுத் திட்டுவார்.

இப்போது நான்கரைக்கே விளக்கைப் போட்டு, தேத்தண்ணீரும் பிஸ்கட்டும் கொடுத்து, ஒரு தட்டு சின்ன வெங்காயத்தை உரிக்கக் கொடுக்கிறார்கள். மத்தியானம் ஒரு குட்டித் தூக்கம், இரவு எட்டு மணிக்குப் படுக்கை. காலை ஏழு வரை தூங்க வேண்டும் என்று எதிர்பார்த்தது வீட்டாரின் கடிகாரம், பாட்டியுடையது இல்லை. மருமகளுக்குத்தான் தூக்கம் குறைகிறது. அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

குளியல்

தாமான் வீட்டுக் குளியலறையில் தலைக்கு மேல் ஷவர். உடையை முழுக்கக் களைந்து நிறுத்தி, தண்ணீரைத் திறந்துவிடுவார்கள். லயத்தில் பாட்டி குளித்தது பொதுத் தண்ணீர்த் தொட்டியில், நெஞ்சுக்கு மேல் கைலி கட்டிக்கொண்டு, வாளியில் மொண்டு. வாழ்நாளில் அடுத்தவர் முன் உடையில்லாமல் நின்றதே இல்லை. கூடவே முழங்கால் வலி, ஈரத்தரைப் பயம், முகத்தில் அடிக்கும் தண்ணீர். யாராக இருந்தாலும் கையை ஓங்குவார்கள்.

பிளாஸ்டிக் நாற்காலி, நெஞ்சில் கைலி, வாளி. பாராசிட்டமால் கொடுத்து அரை மணி கழித்து, முதலில் பாதத்தில் ஊற்றி, அடுத்து முழங்கால். மொள்ளும் குவளையைப் பாட்டி கையிலேயே கொடுத்துவிட்டால் பாதிக் குளியல் தானாக முடிந்துவிடும். தலைக்குக் குளிப்பது வாரத்தில் இரண்டு நாள் போதும். அடி நின்றுவிட்டது. உடைந்த கண்ணாடியில் தொடங்கி 2 மி.கி. ரிஸ்பெரிடோன் வரை போன பிரச்சினை இதுதான்.

அரிசியும் சங்கப் புத்தகமும்

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் 1948 ஜூன் 16 அன்று தோட்டத் துரைகள் மூவர் சுடப்பட்டதைத் தொடர்ந்துதான் மலாயாவில் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டது. 1960 வரை நீடித்தது. பாட்டியின் சிறுவயது முழுக்க அதற்குள்தான். காட்டில் இருந்த கம்யூனிஸ்ட் போராளிகளுக்கு உணவு போகக் கூடாது என்று அரிசிக்குக் கட்டுப்பாடு. வேலைக்குப் போகிறவர்களைக் கேட்டில் நிறுத்திச் சோதிப்பார்கள். தன் அம்மா மடியில் வைத்திருந்த சோற்றை ஒரு சிப்பாய் தட்டிவிட்டதைப் பாட்டி இன்றும் நேற்று நடந்தது போலச் சொல்கிறார். காலையில் சாப்பிட்டதை மறந்தவருக்கு அது மறக்கவில்லை. அரிசியை ஒளித்து வைப்பதைத் தடுக்க வேண்டியதே இல்லை. ஒளிக்க அவருக்கென்று ஒரு டின் கொடுத்து, வாரம் ஒருமுறை அவர் தூங்கும்போது மாற்றிவிடுகிறார்கள். எலியும் வராது, சண்டையும் வராது. ஒளித்தல், சுற்றி நடத்தல், கேட்டதையே கேட்டல் ஆகிய மூன்றுக்கும் எந்த மாத்திரையும் பலன் தருவதில்லை.

சங்கப் புத்தகம் கொஞ்சம் கடினம். இந்த ஊர்க்காரரான துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் பாட்டி தவணை தவணையாகப் பணம் கட்டிப் பங்கு வாங்கியவர். அவர் பெயரில் இருந்த முதல் சொத்து அது. புத்தகம் எப்போதோ தொலைந்துவிட்டது. "எங்க புத்தகம்? இவதான் எடுத்தா" என்று பாட்டி இன்னும் சொல்கிறார். நான் எடுக்கவில்லை என்று வாதாடினால் சத்தம் கூடும். "வாங்க அத்தை, தேடுவோம்" என்று கூடவே அலமாரியைத் திறந்தால், சிறிது நேரத்தில் பழைய புகைப்படமோ சேலையோ கையில் சிக்கி, பேச்சு வேறு பக்கம் போய்விடும். எல்லா நாளும் இல்லை. பக்கத்து வீட்டாரிடம் மகன் போய் நோயைப் பற்றி விளக்கிச் சொன்னது மருமகளுக்கு எந்த மருந்தையும் விடப் பெரிய ஆறுதலாக இருந்தது.

ரிஸ்பெரிடோனே கூடாதா?

அப்படிச் சொல்ல மாட்டேன். தனக்கோ பிறருக்கோ உண்மையான ஆபத்து, அல்லது இல்லாததைக் கண்டு தாங்க முடியாத பயம் இருந்து, வலி, மலச்சிக்கல், தொற்று, மருந்து எல்லாவற்றையும் பார்த்த பிறகும் தீரவில்லை என்றால், அதற்கு இடம் உண்டு. தொடக்கம் 0.25 மி.கி. அளவில். பிரிட்டனில் ரிஸ்பெரிடோனுக்கு இந்த நோக்கத்துக்கு உள்ள அனுமதி ஆறு வாரம் வரைதான். நான்கு வாரத்தில் பலன் இல்லையென்றால் இறக்கி நிறுத்த வேண்டும், பலன் இருந்தாலும் நான்கு மாதத்துக்குள் குறைத்துப் பார்க்க வேண்டும் என்கிறது அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் 2016ஆம் ஆண்டு வழிகாட்டி. காரணம் இருக்கிறது. 2005இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் 17 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, சுமார் பத்து வாரத்தில் இவ்வகை மருந்து சாப்பிட்ட டிமென்ஷியா முதியோரில் 4.5 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். ஒப்பீட்டுக்காக மருந்தே இல்லாத மாத்திரை சாப்பிட்டவர்களில் 2.6 சதவீதம். ஹாலோபெரிடோல் போன்ற பழைய மருந்துகளுக்கும் 2008இல் அதே எச்சரிக்கை. பக்கவாத ஆபத்தும் கூடுகிறது. இந்தப் பாட்டிக்கு மூளை இரத்தக்குழாய்ப் பாதிப்பு ஏற்கெனவே இருந்தது. லூயி பாடி வகை டிமென்ஷியாவில் சிறு அளவே உடம்பை விறைக்க வைத்து உயிருக்கு ஆபத்தாகலாம்.

மருந்தை எழுதிய டாக்டர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. நிரம்பி வழியும் கிளினிக்கில் சில நிமிடங்கள். எதிரே உடைந்த கண்ணாடியோடு அழுகிற ஒரு பெண். கேள்வி மலாயில், பாட்டிக்கு வாயில் வருவது தமிழ் மட்டும். முன்பு பாசார் மலாய் (சந்தை மலாய்) சரளமாகப் பேசியவர்தான். பிற்காலத்தில் கற்ற மொழி முதலில் போய்விடுகிறது. முதல் நினைவாற்றல் சோதனையில் எல்லாக் கேள்விக்கும் "தா தாவு" (தெரியாது) என்றவர், தமிழில் கேட்டதும் பாதிக்குப் பதில் சொன்னார். மொழி தெரிந்த ஒருவர் கூடப் போவதும், மருந்து எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு எடுத்துப் போவதும் அந்தச் சில நிமிடங்களை வேறு மாதிரி ஆக்கும்.

மருந்து விழுங்க வைப்பது

பழைய மருந்துகள் பதினொன்றிலிருந்து ஐந்தாகக் குறைந்ததுமே பாதிப் போராட்டம் ஓய்ந்தது. வீட்டார் கொடுத்தால் துப்புகிற பாட்டி, "டிரெஸ்ஸர் (தோட்டத்து மருத்துவ உதவியாளர்) குடுத்த மருந்து" என்றால் வாயைத் திறக்கிறார். விழுங்கிய பின் ஒரு துண்டு வாழைப்பழம் கொடுத்து, கன்னத்தில் ஒதுக்கியிருக்கிறாரா என்று பார்க்கிறார்கள். மைலோவில் மறைத்துக் கொடுப்பதைக் கடைசி வழியாக வைத்திருக்கிறோம். எந்த மருந்து, ஏன், யார் சம்மதத்தோடு என்பது கிளினிக் அட்டையில் எழுதப்பட்டிருக்கிறது. மறைத்துக் கொடுப்பதே தவறு என்று நான் நினைக்கவில்லை. டாக்டருக்குத் தெரியாமல் மறைத்துக் கொடுப்பதுதான் தவறு. அளவை அவர் எதை வைத்து முடிவு செய்வார்?

இப்போது

ரிஸ்பெரிடோன் நின்று நான்கு மாதமாகிறது. விறைப்பு ஆறு வாரத்தில் பெரும்பாலும் போய்விட்டது. வாசல் வரை தானே நடக்கிறார். நடுவில் தொடர்ந்து மூன்று இரவு கத்தினார். மகன் பழைய மாத்திரையைத் தேடிப் போனார், மருமகள் மலம் போன நாளைப் புத்தகத்தில் தேடினார். ஐந்து நாளாகியிருந்தது. லாக்டுலோஸ் தீர்ந்ததும் யாரும் வாங்கவில்லை.

மாலை நேர நடை இன்னும் இருக்கிறது. புத்தகத் திருட்டுப் புகாரும் இருக்கிறது. மருமகளின் தூக்கம்தான் இப்போது இந்த வீட்டின் பலவீனமான கண்ணி; சனி இரவும் ஞாயிறு முழுதும் மகன் பார்த்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டு, பெரும்பாலும் செய்கிறார். கோலாலம்பூர் மகள் ஜின்கோவுக்குச் செலவழித்த காசில் இப்போது பக்கத்து வீட்டு அக்காவுக்கு வாரம் இரண்டு மத்தியானம் சம்பளம் தருகிறார். அந்த நேரத்தில் மருமகள் தூங்குகிறார். டோனெபெசில் 5 மி.கி. தொடர்கிறது. எழுந்து நிற்கும்போது இரத்த அழுத்தம் இன்னும் கொஞ்சம் இறங்குவதால், அம்லோடிபினை முழுக்க நிறுத்தலாமா என்பதை அடுத்த சந்திப்பில் டாக்டரிடம் கேட்கவேண்டும்.